கால்பந்து வீரரின் சுயசரிதையை எவ்வளவு நம்பலாம்?

மதுரையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளிக்காலம் முதல் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகராம். ஆட்டம் பார்ப்பதோடு நிற்காமல் வீரர்களின் சுயசரிதைகளையும் கிளப் வரலாறுகளையும் படிக்க ஆசைப்பட்டு ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறார். அறுபது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. இவற்றில் எதை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது, நம் பக்கத்துக் கால்பந்தைப் பற்றி இதுபோல் படிக்க ஏதும் வழி உண்டா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

தம்பி, அறுபதாம் பக்கத்தில் நின்றுபோனது உங்கள் குறையன்று. வீரர் பிறந்த தெரு, தகப்பனார் பார்த்த வேலை, சந்துச் சுவரில் பந்தடித்துப் பழகிய மாலைகள், ஏதோ ஓர் ஆசிரியர் அவருடைய திறமையைக் கண்டுகொண்ட நாள் என்று இந்தப் புத்தகங்களின் தொடக்கம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கும். பெயரை மாற்றிவிட்டால் இன்னொரு வீரருக்கும் பொருந்திவிடும். நான் எந்தச் சுயசரிதையையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. கடைசியில் இருக்கும் பெயர்ச்சுட்டியைத் திறந்து, அந்த வீரர் யாருடன் பகைத்துக்கொண்டார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியுமோ அவருடைய பெயர் வரும் பக்கத்துக்கு நேராகப் போய்விடுவேன். அந்தப் பக்கம் பிடித்திருந்தால்தான் சந்துச் சுவருக்குத் திரும்புவேன். பெயர்ச்சுட்டியே இல்லாத கிளப் வரலாறு என்றால் கையில் எடுக்கத் தயங்குவேன். தம் புத்தகத்துக்கே வழிகாட்டி வைக்க மெனக்கெடாத ஒருவர் பழைய கூட்டக் குறிப்பேடுகளைத் தேடி அலைந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

எதை நம்புவது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது ஆங்கிலப் புத்தகத்தில் இல்லை, அரசரடி ரயில்வே மைதானத்தின் ஓரத்தில்தான். தம் காலத்தில் துறை அணிக்குக் கோல்கீப்பராக நின்று ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று வென்ற ஓர் ஆட்டத்தையும், அதன் கடைசி நிமிடத்தில் தாம் தடுத்த பெனால்ட்டியையும் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். ஒருநாள் வீட்டுக்கு அழைத்துப்போய், கணக்கு நோட்டில் ஒட்டிவைத்திருந்த செய்தித்தாள் நறுக்கைக் காட்டினார். மைதா பசை பழுத்து எழுத்து பாதி மங்கியிருந்த அந்த நறுக்கில் ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்ததாக இருந்தது. பெனால்ட்டியும் முதல் பாதியிலேயே நடந்திருந்தது. நான் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தவர், "பத்திரிகைக்காரன் பாதியிலேயே எழுந்து போயிருப்பான், தம்பி" என்றார். ஆனால் அதே மாலையில், மழையில் ஊறிய தோல்பந்து எப்படிக் கனக்கும், அதன் வாயைக் கட்டிய வாரின் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் எப்படிக் கிழியும், அந்த முடிச்சு தம் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பின்வரிசைக்காரர்கள் ஏன் தலையால் முட்டினார்கள் என்று அவர் சொன்னபோது, இடது புருவத்துக்கு மேல் இருந்த தழும்பை விரல் தானாகத் தடவிக்கொண்டிருந்தது. அதை மறுக்க எந்த நறுக்கும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து கோல் கணக்குக்கு நறுக்கையும் பந்தின் கனத்துக்குப் பெரியவரையும் நம்புவது என்று வைத்துக்கொண்டேன். உலகப் புகழ் பெற்றவர்களின் புத்தகங்களுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன்.

அடுத்து, பேனா யார் கையில் இருந்தது என்பதைப் பாருங்கள். வீரர்களின் சுயசரிதைகளில் பெரும்பாலானவற்றை வேறொருவர், அநேகமாக ஒரு பத்திரிகையாளர், உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொடுக்கிறார். ஸ்வீடன் வீரர் ஸ்லாத்தன் இப்ராஹிமோவிச்சின் 2011 சுயசரிதையை எழுதியவர் டேவிட் லாகர்கிரான்ட்ஸ். ஸ்லாத்தன் வாயிலிருந்து வந்த வாக்கியங்களை அப்படியே அதில் பயன்படுத்தவில்லை என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அந்தப் புத்தகம் கெட்டுவிடவில்லை. "ஸ்லாத்தன் சொன்னார்" என்று யாராவது அதிலிருந்து மேற்கோள் காட்டும்போது மட்டும் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இந்த விஷயம் உங்கள் அணியில்தான் உச்சத்துக்குப் போனது. 1997 செப்டம்பரில் லீட்ஸ் யுனைடெட் மைதானத்தில், அந்த அணியின் ஆல்ஃபி ஹாலண்டைத் துரத்திப்போன உங்கள் கேப்டன் ராய் கீனின் முழங்கால் தசைநார் அறுந்தது. தரையில் கிடந்தவரைப் பார்த்து, நடிக்காமல் எழுந்திரு என்னும்படி ஹாலண்ட் மேலே நின்று கத்தினார். 2001 ஏப்ரல் 21 அன்று ஓல்ட் டிராஃபோர்டில், அப்போது மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த ஹாலண்டின் முழங்காலைக் குறிவைத்துக் கீன் மோதினார். சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 2002இல் வெளிவந்த கீனின் சுயசரிதை, அது வேண்டுமென்றே தீர்த்துக்கொண்ட பழி என்று படிப்பவர் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் விதித்தது. விசாரணையில், புத்தகத்தை எழுதிக்கொடுத்த ஈமன் டன்ஃபி, அந்தச் சொற்கள் தம்முடையவை, எழுத்தாளருக்குரிய உரிமையில் அமைத்தவை என்று சாட்சி சொன்னார். அதாவது, ஒரு வீரர் தாம் எழுதாத வாக்கியத்துக்காகத் தண்டனை பெற்றார், அல்லது தாம் உண்மையில் நினைத்ததை வேறொருவர் வாக்கியமாக்கியதற்காகத் தண்டனை பெற்றார். இரண்டில் எது என்பதை இன்றுவரை படிப்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மோதல்தான் ஹாலண்டின் ஆட்ட வாழ்க்கையை முடித்தது என்றும் பலர் சொல்வார்கள். கீன் மோதியது வலது முழங்காலில்; ஹாலண்டை நெடுநாள் படுத்தியது இடது முழங்கால். (அன்று ஒரு வயதுகூட நிரம்பாத அவருடைய மகன் எர்லிங், பின்னாளில் அதே சிட்டிக்காகக் கோல்களைக் குவிப்பதை நீங்களே வயிற்றெரிச்சலோடு பார்த்திருப்பீர்கள்.)

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கும் இங்கேயே வந்துவிடலாம். தனிப் புத்தகமாக வாங்காதீர்கள். ஒரே அறையில் இருந்த இரண்டு பேரின் புத்தகங்களாக வாங்குங்கள். 2002 உலகக் கோப்பைக்கு முன்னால் அயர்லாந்து அணி பசிபிக் பெருங்கடலில் உள்ள சைபான் தீவில் முகாமிட்டிருந்தது. மைதானம் கட்டாந்தரையாக இருந்தது, பயிற்சிக்கான சாமான்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்ற எரிச்சலில் கேப்டன் கீன் ஒரு நாளிதழுக்கு நேர்காணல் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் மிக் மெக்கார்த்தி அணிக் கூட்டம் போட்டார். அங்கே கீன் கொட்டித் தீர்த்த வசவில் உறவு அறுந்து, உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அவர் ஊர் திரும்பினார். அந்த அறையில் இருந்தவர்களில் கீன், மெக்கார்த்தி, மூத்த வீரர் நியால் குவின் ஆகிய மூவருடைய புத்தகங்களும் அதே 2002இல் வெளிவந்தன. கீனின் நேர்காணலை எடுத்த பத்திரிகையாளர்தான் குவினின் புத்தகத்தை எழுதவும் துணைநின்றவர் என்பது இதில் இன்னொரு முடிச்சு. ஈரானுக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டத்துக்குக் கீன் வராமல் இருந்தது பற்றிப் பேச்சு எழுந்த அந்த ஒரு கணத்தை மட்டும் மூன்று புத்தகங்களிலும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். யார் குரல் எப்போது உயர்ந்தது, யார் வாயைத் திறக்கவில்லை, யார் தம்மைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அறுபது பக்கத்தில் தூக்கம் வந்த உங்களுக்கு அன்றிரவு தூக்கம் வருகிறதா பார்க்கலாம்.

இந்த ஜோடி பிடித்துவிட்டால் அடுத்ததும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கீன் 2005 நவம்பரில் யுனைடெட்டை விட்டுப் பிரிந்த கதையை அப்போதைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013இல் எழுதினார். கீன் தம் இரண்டாவது புத்தகத்தில், 2014இல், அதற்குப் பதில் எழுதினார். ஃபெர்குசனின் சுயசரிதைகளில் 1999இல் வந்த முதலாவதுதான் என் கணிப்பில் மேலானது. கிளாஸ்கோவின் கோவன் பகுதியில், கப்பல் கட்டும் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்ததையும், பயிற்சித் தொழிலாளியாக வேலைநிறுத்தத்தில் இறங்கியதையும் பற்றிய பகுதிகளில் வேலை தெரிந்த மனிதரின் அக்கறை இருக்கிறது. இரண்டாவதில் கணக்குத் தீர்ப்பது கூடிவிட்டது.

கிளப் வரலாறுகளுக்கும் இந்த முறை அப்படியே செல்லும். கிளப்பே வெளியிடும் வரலாறு, கல்யாண வீட்டில் சொல்லும் குடும்பக் கதையைப் போன்றது. அதில் ஓடிப்போன சித்தப்பா வரமாட்டார். அவரைப் பக்கத்து வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். உதாரணமாக, ஆர்சனல் 1919இல் முதல் டிவிஷனுக்கு எப்படி வந்தது என்று ஓர் ஆர்சனல் ரசிகரிடமும், வடக்கு லண்டனில் அதன் பக்கத்து அணியான டாட்டனத்தின் ரசிகர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேட்டால் வேறு வேறு கதை கிடைக்கும். உலகப்போருக்கு முன் கடைசியாக நடந்த 1914-15 பருவத்தில் முதல் டிவிஷனில் டாட்டனம் 20ஆவது, அதாவது கடைசி இடம். செல்சி 19ஆவது இடம். வழக்கப்படி இரண்டும் கீழே இறங்கியிருக்க வேண்டும். போர் முடிந்து லீக்கை 20 அணியிலிருந்து 22 அணியாக விரித்தபோது செல்சிக்கு இடம் கொடுத்தார்கள். மிஞ்சிய இடத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டாம் டிவிஷனில் முதலிரண்டு இடங்களுக்குள்ளும் வராத ஆர்சனலுக்கு 18 வாக்குகள், டாட்டனத்துக்கு 8. ஆர்சனல் தலைவர் ஹென்றி நோரிஸ் திரைமறைவில் காரியம் சாதித்தார் என்று அன்றிலிருந்து பேசுகிறார்கள். பணம் கைமாறியதற்கு ஆவணச் சான்று இல்லை. டாட்டனம் மறு ஆண்டே இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்துவிட்டது. ஆர்சனலோ 1919க்குப் பிறகு ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை என்பதுதான் பக்கத்து வீட்டாருக்கு ஆறாத புண்.

இதில் யுனைடெட் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 19ஆவது இடத்தில் முடித்த செல்சிக்கு ஏன் வாக்கெடுப்பில்லாமல் சலுகை கிடைத்தது என்று பின்னோக்கிப் போனால், 1915 ஏப்ரல் 2, பெரிய வெள்ளிக்கிழமையன்று ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த ஆட்டத்தில் போய் நிற்பீர்கள். யுனைடெட் லிவர்பூலை 2-0 என்று வென்றது. அதே கணக்கில்தான் ஆட்டம் முடியும் என்று முன்கூட்டியே பெருந்தொகைகள் பந்தயம் கட்டப்பட்டிருந்தன. விசாரணையில், இரு அணியிலும் சிலர் கூடிப் பேசி நடத்திய ஆட்டம் அது என்று தெரியவந்தது. லிவர்பூல் வீரர்கள் நான்கு பேருக்கும் யுனைடெட் வீரர்கள் மூன்று பேருக்கும் ஆயுள் தடை விழுந்தது. அந்தப் பருவத்தில் யுனைடெட் 18ஆவது இடத்தில், செல்சியைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக முடித்தது. அதாவது அந்த வெள்ளிக்கிழமை இல்லையென்றால் கீழே போயிருக்கவேண்டியது உங்கள் அணி. தடை பெற்ற மூன்று யுனைடெட் வீரர்களில் அன்று களத்தில் ஆடியவர் ஈனாக் வெஸ்ட் ஒருவர்தான். கடைசிவரை குற்றத்தை மறுத்த அவருடைய தடை 1945இல்தான் நீங்கியது. அவர்களில் இன்னொருவரான சாண்டி டர்ன்புல் 1917இல் போர்முனையில் இறந்துபோனார். வாங்கப்போகும் யுனைடெட் வரலாற்றில் ஈனாக் வெஸ்ட் என்ற பெயர் இருக்கிறதா, இருந்தால் எத்தனை வரி இருக்கிறது என்று கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள். 1958 பிப்ரவரி 6 மியூனிக் விமான விபத்தைப் பற்றி எல்லா யுனைடெட் வரலாறுகளும் எழுதும். 23 உயிர்களைப் பறித்த அந்தத் துயரத்தை எழுதாமல் இருக்க முடியாது. 1915ஐப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதில்தான் ஆசிரியரின் நேர்மை தெரியும்.

ரசிகர்கள் எழுதிய நினைவுகள் தனி இனம். 1992இல் வந்த நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்' அதற்குத் தாய்ப் புத்தகம். பெற்றோர் பிரிந்தபின் தகப்பனார் வாரக்கடைசியில் பையனை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் 1968இல் ஆர்சனல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனதில் தொடங்கி, ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் ஆட்டத்தின் பெயரையும் தேதியையும் தாங்கி நகர்கிறது. களத்தில் நடப்பதைவிடப் படிக்கட்டில் நிற்பவரின் மனசு பற்றிய புத்தகம் அது. ஆர்சனலைப் பிடிக்காத உங்களாலும் படிக்க முடியும். வீரர் பக்கத்திலிருந்து அதற்கு நிகர் என்றால், கீனின் புத்தகத்தை எழுதிக்கொடுத்த அதே ஈமன் டன்ஃபி 1976இல் வெளியிட்ட 'ஒன்லி எ கேம்?'. மில்வால் அணியில் அவர் ஆடிய 1973-74 பருவத்தின் நாட்குறிப்பு. அணியிலிருந்து நீக்கப்பட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன், தன் அணி தோற்றால்தான் தனக்கு மறுபடி இடம் கிடைக்கும் என்று உள்ளுக்குள் தோல்வியை விரும்புவதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறருக்கு எழுதிக்கொடுத்தபோது வாங்கிய கெட்ட பெயரை, தமக்காக எழுதிய இந்தப் புத்தகத்தை வைத்து நான் மன்னித்துவிட்டேன். எதிர்முனையில், வாரத்துக்கு 60,000 பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் ஆர்சனல் 55,000 தருவதாகச் சொன்னதைக் கேட்டுக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் நிலைகுலைந்ததாக எழுதிய ஆஷ்லி கோலின் 2006 புத்தகமும் இருக்கிறது. தன்னையறியாமல் உண்மை பேசிவிடும் புத்தகங்களுக்கு அது நல்ல மாதிரி.

இந்தியாவுக்கு வருவோம். 1950 உலகக் கோப்பைக்கு நம் அணி போகாததற்குக் காரணம், வெறுங்காலோடு ஆட அனுமதி மறுத்தார்கள் என்ற கதையை மதுரையில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். கதைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பிரான்சிடம் 2-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்ட்டிகளை வீணடித்தார்கள். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். ஆனால் 1950இல் நம் சங்கம் அன்று சொன்ன காரணங்கள் அணித்தேர்வுச் சிக்கலும் பயிற்சிக்கு நேரமின்மையும்தான். உலகக் கோப்பையின் மதிப்பு அப்போது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது என்று கேப்டன் சைலேன் மன்னா பின்னாளில் விளக்கினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. இந்தக் காலத்தை முழுசாகத் தெரிந்துகொள்ள, வர்ணனையாளர் நோவி கபாடியா 2017இல் எழுதிய 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' போதும். பிறகு கொல்கத்தாவின் 1911க்குப் போங்கள். அந்த ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்க) கேடயத்தைப் பெற்றது. அந்த வெற்றியைச் சொல்லும் புத்தகம் எதுவானாலும், வென்ற பதினொருவரில் சுதிர் சட்டர்ஜி மட்டும் பூட்ஸ் அணிந்திருந்தார் என்பதை விட்டுவிட்டு எல்லோரையும் வெறுங்காலர்களாக்கியிருந்தால், நறுக்கைப் பார்க்காத பெரியவர் எழுதியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கில நடை கடினம் என்றால் ஒரு சின்ன உபாயம்: அத்தியாயத்தில் வரும் ஆட்டத்தின் சுருக்கக் காட்சியை முதலில் போனில் பார்த்துவிட்டுப் படியுங்கள், பாதிச் சொற்கள் தாமாகப் புரியும். விலைக்குப் பயந்தால் தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் பழைய பிரதிகள் கிடைக்கும். நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக நம் ஊர். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. பெண்கள் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை மதுரைக்குக் கொண்டுவந்தது. கோல் கணக்கு பத்திரமாகப் பதிவாகிவிட்டது. அதற்கு நறுக்கு இருக்கிறது. மே மாத வெயிலில் அந்தத் தரை காலுக்கு எப்படி இருந்தது, இடைவேளையில் கோச் என்ன சொன்னார், ஊர் திரும்பும் வழியில் யார் அழுதார்கள், ஆடாமல் பெஞ்சில் இருந்த பெண் என்ன நினைத்தாள் என்பவை ஆடியவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. நீங்கள் மதுரையிலேயே இருக்கிறீர்கள், கையில் போன் இருக்கிறது, பேசவைத்துப் பதிவு செய்வதற்குப் பணம் ஆகாது. ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். கோல் அடித்தவரிடம் கேட்டதையே கோல்கீப்பரிடமும் பெஞ்சில் இருந்தவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அரசரடிப் பெரியவர் விஷயத்தில் நான் அதைச் செய்யத் தவறிவிட்டேன். அந்த நோட்டு இப்போது அவருடைய பேரன் வீட்டுப் பரணில் இருக்கிறது. அவரோடு ஆடிய மற்றப் பத்துப் பேரில் ஒருவருடைய பெயரைக்கூட நான் குறித்துவைக்கவில்லை.